மேபல் வெட்டிய படம்

காசிராஜனை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள். அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

சிவகாசிக்காரன். இருபது வருஷம் காலண்டருக்கு அருவியும் கோபுரமும் எடுத்துச் சலித்தவன், அமெரிக்கப் பாலைவனத்தில் நவஹோ மக்கள் வாழும் பகுதிக்குப் பெட்டிக் கேமராவோடு போய் இறங்கினான். அங்கே ஆகாயத்தை முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு செம்பாறைத் தூண்கள் அவன் கண்ணைப் பறித்தன. தூண்களின் அடியில் ஆடு மேய்க்கும் குடும்பம் மேபலுடையது. அவளிடம் அனுமதி கேட்டான். அவள் மகன் டெல்பர்ட் மொழிபெயர்த்தான்.

"பாறைய எடுத்துக்கோ. எங்க ஆளுங்கள எடுக்காத" என்றாள் மேபல். காசிராஜன் தலையாட்டினான்.

மறுநாள் சாயங்காலம் தூண்களின் மேற்குப் பக்கம் வெயிலில் தகதகத்தது. அந்த நேரம் பார்த்து மேபலின் கணவர் மந்தையை ஓட்டிக்கொண்டு வந்தார். மந்தைக்கு முன்னால் எப்போதும் போவது ஒரு கறுப்புக் கிடா. அந்தப் பக்கத்துச் செம்மறிகளில் சிலவற்றுக்கு நாலு கொம்பு முளைக்கும். இந்தக் கிடாவுக்கும் நாலு, அதில் ஒன்று பாதியில் முறிந்தது. எல்லா ஆடுகளுக்கும் பின்னால், கடைசியாக வருவது அவர். பக்கத்தில் ஆள் நின்றால்தான் பாறை எத்தனை பெரிது என்று பார்ப்பவனுக்குத் தெரியும் என்பது படக்காரர்களின் கணக்கு. காசிராஜன் கேமராப் பொத்தானை அமுக்கிவிட்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். இறந்தவரின் பெயரை அந்த வீட்டில் சொல்லமாட்டார்கள், அவர் உருவத்தைப் பார்க்கவும் மாட்டார்கள். அதனால் நானும் அவர் பெயரைச் சொல்லவில்லை.

அவர் போனதும் பக்கத்து நிலத்துக்காரன் ஹார்லனுக்குக் குளிர்விட்டுப்போனது. பழைய பகை அது. இரண்டு வருஷத்துக்கு முன் மேபலின் கிடா அவன் டிரக் கதவில் முட்டிக் கொம்பை உடைத்துக்கொண்டது, கதவும் நசுங்கியது. இந்தப் பள்ளத்தாக்கில் நாலு கொம்புக் கறுப்புக் கிடா அவர்களிடம் மட்டும்தான் உண்டு, கொம்பு முறிந்ததே சாட்சி என்று நில அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தவன் அவன். இப்போது தூண்களுக்கு மேற்கே வேலி போட்டான். மேபலின் ஆடுகள் அந்தப் பக்கம் ஒருநாளும் மேய்ந்ததில்லை என்று சாதித்தான். ஊற்று இருந்தது மேற்கேதான். அது இல்லாவிட்டால் நாற்பது ஆடுகளும் கோடையைத் தாண்டாது. நில அலுவலகத்தில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

இந்த நேரத்தில் காசிராஜன் திரும்பி வந்தான். கையில் நோட்டுப்புத்தக அகலத்தில் ஒரு ஸ்லைடு பிலிம். நெகட்டிவ் கிடையாது, பிரதியும் கிடையாது. கண்காட்சிக்கு அனுப்பக் குடும்பத்தின் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். டெல்பர்ட் பிலிமைப் பார்த்தான். மேற்குப் பக்கம், ஆடுகள், ஓரத்தில் அப்பா. விசாரணையில் காட்டச் சொல்லிக் கெஞ்சினான். கையெழுத்து வந்தால் பிலிம் வரும் என்றான் காசிராஜன். அடுத்தவன் துக்கத்தில் பேரம் பேசுகிறவனை என்னவென்று சொல்வது? மேபல் அவன் முகத்தில் கதவைச் சாத்தினாள். டெல்பர்ட் அம்மாவுக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டான்.

விசாரணை அன்று டெல்பர்ட் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். மேபல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பியபடியே அப்பா எந்தப் பக்கம் இருக்கிறார் என்று கேட்டாள். வலது ஓரம் என்றான். அந்த இடத்தைக் காகிதத்தால் மூடச் சொன்னாள். அதிகாரி வேண்டுமானால் காகிதத்தை விலக்கிப் பார்க்கட்டும் என்று நினைத்து அவனும் மூடினான். அவள் பையிலிருந்து ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் கத்தரியை எடுத்து, காகித விளிம்பை ஒட்டி நறுக்கென்று வெட்டினாள். வெட்டிய துண்டைக் காகிதத்தோடு சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். மிச்சத்தை அதிகாரியின் மேசையில் வைத்தாள்.

காசிராஜன் தலையில் கைவைத்துக்கொண்டு, ஒரு வருஷ உழைப்பை நாசமாக்கிவிட்டாள் என்று கத்தினான். டெல்பர்ட் அம்மாவை அடிக்காத குறை. இருந்த ஒரே சாட்சியையும் வெட்டி எறிந்துவிட்டாயே, இனி ஊற்றை மறந்துவிட வேண்டியதுதான் என்றான். ஹார்லன் சிரித்தான்.

"யாரோட ஆடுன்னு அதுங்க முதுகுலயா எழுதியிருக்கு?" என்றான்.

மேபல் அதிகாரியைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள். "மிச்சம் இருக்கறது போதும். நல்லாப் பாருங்க."

சொல்லுங்கள். உழைப்புக்கு உரிமை கேட்ட காசிராஜனா, ஊற்றைக் காப்பாற்றக் கையெழுத்துப் போட்ட டெல்பர்ட்டா, கத்தரியை எடுத்த மேபலா? இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மேபல். கொடுக்காத அனுமதியில் பிறந்த படத்துக்குக் காசிராஜன் உரிமை கேட்க முடியாது. டெல்பர்ட்டின் தவிப்பு நியாயமானது, ஆனால் அவன் கொடுத்தது அவனுடையதல்ல. அதிகாரி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். தூண்களின் மேற்கே, மந்தைக்கு முன்னால், நாலு கொம்புக் கறுப்புக் கிடா, ஒரு கொம்பு முறிந்தது. அது யாருடைய ஆடு என்பது ஹார்லனின் கையெழுத்தோடு அலுவலகக் கோப்பிலேயே இருந்தது. அந்த வாரமே வேலியைப் பிடுங்கினார்கள். ஒரு வருஷம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த காசிராஜன் கிடாவைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பி நின்றவளுக்கு அது அங்கே இருக்கும் என்று தெரியும். கடைசியில் அவர் வருகிறார் என்றால், முன்னால் கிடா போயிருக்கும்.