முழங்கை இடித்த சுவர்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, தென்கரைச் சீமையை மருதபூபதி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். காலையில் "யானை வேண்டாம்" என்பார், மத்தியானம் "யானை எங்கே?" என்று குதிப்பார். அவரோடு யார் மல்லுக்கட்டுவது?

ஒரு சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்து, தலையைத் துவட்டியும் துவட்டாமலும் சபைக்கு வந்தார். முழங்கையைத் தேய்த்துக்கொண்டே கத்தினார்.

"இத்தனை பெரிய சீமையை ஆள்கிறேன், குளிக்கிற அறையில் கையை மடக்க இடமில்லை! கண்ணை மூடிக்கொண்டு சீயக்காய் தேய்த்தால் முழங்கை சுவரில் இடிக்கிறது!"

உடனே எழுந்தார் அனந்தகூத்தர். ராஜாவின் நூற்றெட்டுப் பட்டங்களையும் செப்பேட்டில் வெட்டி வைத்து வாசிப்பவர். சபையில் மட்டுமா? ராஜா குளிக்கும்போதும் பக்கத்திலேயே நின்று ராகம் போட்டு வாசிப்பார்.

"பிரபு, அந்தச் சுவரை ஒட்டினாற்போல் வெந்நீர் போடும் வெள்ளைத்தாயி குடியிருக்கிறாள். அந்த வீட்டை இடித்துச் சேர்த்துக்கொண்டால் அறை தாராளமாகிவிடும்."

எல்லாம் வயிற்றெரிச்சல்! குளித்துவிட்டு வரும்போதெல்லாம் ராஜா, "வெந்நீர் என்றால் வெள்ளைத்தாயி வெந்நீர்தான்" என்பார். பட்டங்களைப் பற்றி ஒரு நாளாவது வாயைத் திறந்ததுண்டா? அதுதான் மனுஷனுக்குப் பொறுக்கவில்லை.

"இடித்துவிடு" என்றார் ராஜா, கொட்டாவி விட்டுக்கொண்டு.

சேதி கேட்டு வெள்ளைத்தாயி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். அந்த வீட்டில்தான் அவள் மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். பிள்ளைக்குப் பத்து நாள்தான் ஆகிறது. பச்சை உடம்புக்காரியைத் தெருவில் கிடத்த எந்தத் தாய்க்கு மனசு வரும்?

"மகாராஜா, உங்களுக்கு வேணுங்கிறது என் வீடா, இடமா?"

"இடம்தான்."

"அப்போ எனக்கு ஒரு வாரம் கொடுங்க. குளிக்க உதவாதது எதுவானாலும் நான் வெளியே எடுப்பேன், யாரும் குறுக்கே வரக்கூடாது. வர்ற சனிக்கிழமையும் முழங்கை சுவத்தில இடிச்சுதுன்னா, கடப்பாரையை நானே எடுத்துக் கொடுக்கிறேன்."

"சரி, உன் இஷ்டம்" என்றார் ராஜா.

அவ்வளவுதான், அறைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஓட்டை விழுந்த அண்டா, கால் ஆடுகிற முக்காலி மூன்று, யாரோ காணிக்கையாகக் கொடுத்த பித்தளை மயில். தரையில் உருண்டுகொண்டிருந்த எண்ணெய்க் கிண்ணங்களுக்குச் சுவரிலேயே மாடம் குடைந்தாள். உள்ளே திறந்து பாதி அறையை அடைத்த கதவை வெளியே திறக்கிற மாதிரி மாட்டச் சொன்னாள். கூரை ஓட்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு வெளிச்சம் விழ வழி பண்ணினாள்.

சனிக்கிழமை விடிந்ததும் நாலு சுவருக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசினாள். அது காயுமுன்னே ராஜா குளிக்க வந்துவிட்டார்.

"அட! இது என் அறைதானா? மூச்சு விட முடிகிறதே!" என்று கூவினார்.

அனந்தகூத்தர் முகம் சுருங்கிப்போயிற்று. இருந்தாலும் செப்பேட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நுழைந்தார். கதவுக்கு வெளியே வெள்ளைத்தாயி. கடப்பாரையோடு நாலு ஆட்களும் நின்றார்கள்.

உள்ளே பட்டம் வாசிக்கிற சத்தம் ஓங்கியது. கொஞ்ச நேரத்தில், "ஐயோ! இடித்துவிட்டது!" என்றார் ராஜா.

"பார்த்தீர்களா பிரபு? அடேய், கடப்பாரையை எடுங்கள்!" அனந்தகூத்தர் குரலில் அத்தனை சந்தோஷம்.

வெள்ளைத்தாயி கடப்பாரைக்காரர்களை மறித்துக்கொண்டு குரல் கொடுத்தாள். "மகாராஜா! கையைக் கழுவிடாதீங்க, அப்படியே வெளியே வாங்க!"

இடுப்பில் ஈர வேட்டியோடு, தலையெல்லாம் நுரையோடு ராஜா வந்து முழங்கையை நீட்டினார். எண்ணெயும் சீயக்காயும்தான் இருந்தது. மருந்துக்கும் சுண்ணாம்பு இல்லை.

"சுவர் ஈரம் காயலை மகாராஜா. தொட்டாலே ஒட்டும். அதுல இடிச்சிருந்தா கை வெள்ளையாயிருக்க வேண்டாமா? இப்போ ஐயாவை வெளியே வரச் சொல்லுங்க."

வந்தார் அனந்தகூத்தர். முதுகு முழுக்கச் சுண்ணாம்பு. மார்போடு அணைத்திருந்த செப்பேட்டின் நடுவில் பொத்தென்று ஒரு சீயக்காய் நுரை!

ராஜா முழங்கையைப் பார்த்தார், செப்பேட்டைப் பார்த்தார். "அடப்பாவி! இத்தனை நாளும் நான் இடித்துக்கொண்டது உன் மேலா? ஏனய்யா சொல்லவில்லை?"

"பிரபு... பட்டத்தை நடுவில் நிறுத்தக் கூடாதே என்று..."

"உங்க அறையில இடமில்லாம இல்லை மகாராஜா" என்றாள் வெள்ளைத்தாயி. "நீங்க இவருக்கு இடம் கொடுத்திட்டீங்க, அதுதான் சங்கதி."

கடப்பாரைக்காரர்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ராஜாவும் நுரை தெறிக்கச் சிரித்தார்.

"கூத்தரே, அந்தச் செப்பேட்டைத் திருப்பும். வீடு வெள்ளைத்தாயிக்கும் அவள் சந்ததிக்கும் சொந்தம் என்று பின்பக்கத்தில் வெட்டி, நீரே சபையில் ராகம் போட்டு வாசியும்."

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டார் அனந்தகூத்தர்: "உத்தரவு பிரபு. ஆனால் தாங்கள் குளிக்கும்போது இனி நான் எங்கே நின்று பட்டம் வாசிப்பது?"

"அதற்கென்ன, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வாசியும்."

வெள்ளைத்தாயி பதறிப்போய் இரண்டு கையையும் கூப்பினாள்.

"ஐயோ மகாராஜா! அதுக்கு நீங்க என் வீட்டை இடிச்சே போட்டுடுங்க!"