முதல் மிடறு எந்தக் கரையில்?

தொம்மை என்ற முள்ளம்பன்றிக்கு அந்தக் கதையில் பல வருஷமாகவே சந்தேகம். வெளியே சொன்னதில்லை. ஆனால் வட்டக்குளத்து மிருகங்கள் அதை ஒப்பிக்கும்போதெல்லாம் அவன் முதுகில் நாலைந்து முட்கள் தாமாகவே எழுந்து நிற்கும்.

கதை இதுதான். முன்னொரு கோடையில் ஒரு மேய்ப்பர் காட்டுக்குள் வந்தார். தொலைந்துபோன ஆட்டுக்குட்டி ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, தோளில் போட்டுக்கொண்டு, வட்டக்குளத்தில் இறங்கினார். அந்நாளில் குளத்தில் ஓயாத அடிதடி. அவர் தண்ணீர் குடித்தார். "எல்லாரும் சேர்ந்து குடியுங்கள், நான் திரும்பி வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்து பார்த்தவர் சிமியோன் என்ற ஆமை ஒருவர்தான். குளத்து நடுவில் ஒரு கல்லின்மேல் அவர் இன்றும் உட்கார்ந்திருக்கிறார்.

சேர்ந்து குடிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. எப்படிக் குடிப்பது என்பதில்தான் தகராறு. அதனால் சேர்ந்து குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்!

கிழக்குக் கரையில் யானைகள். மேய்ப்பர் தலையில் மூன்று முறை தண்ணீர் தெளித்துக்கொண்டுதான் குடித்தார் என்பது அவர்கள் போதனை. மேற்குக் கரையில் எருமைகள். "தெளிப்பாவது! அவர் தலைமுழுக முங்கினார்!" என்றார்கள் அவர்கள். வடக்குக் கரையில் குரங்குகள். அங்கே களிமண்ணில் மேய்ப்பரின் அடிச்சுவடு ஒன்று காய்ந்து கிடந்தது. அதில் இல்லாத எதையும் செய்யக்கூடாது, அவர் கையால் அள்ளித்தான் குடித்தார் என்றார்கள் குரங்குகள். அடிச்சுவட்டில் கை எப்படித் தெரியும் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

தொம்மை கிழக்குக் கரையில் பிறந்தவன். அவன் மனைவி எப்சிபா மேற்குக் கரைக்காரி. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு கரையும் வேண்டாம் என்று பாறை இடுக்கில் தேங்கிய மழைநீரைக் குடித்துக் காலம் தள்ளினார்கள். தொம்மை அங்கிருந்தபடியே மூன்று கரைகளையும் பார்த்துச் சிரிப்பான். சிரித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வராது. சந்தேகமும் ஒரு கரைதானோ, அதில் நான் ஒருவன்தான் உறுப்பினனோ என்று யோசிப்பான்.

இந்தக் கோடையில் அந்த மழைநீர் வற்றியது. அதே வாரம் அவர்களுக்கு ஒரு குட்டி பிறந்தது. நாலாம் நாள் எப்சிபாவுக்குப் பாலும் வற்றியது.

"என்னங்க, புள்ள நாக்கைப் பாருங்க. காஞ்ச இலை மாதிரி இருக்கு."

தொம்மை பார்த்தான். அவனுடைய எல்லா முட்களும் படுத்துவிட்டன.

வட்டக்குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. குட்டி எந்தக் கரையில் முதல் மிடறு குடிக்கிறதோ, சாகும்வரை அந்தக் கரைப் பிள்ளை. சிறுத்தை வந்தால் அந்தக் கரைதான் குரல் கொடுத்து அந்தக் குட்டியை எச்சரிக்கும். எந்தக் கரையிலும் சேராமல் குடித்த குட்டிக்கு ஒரு குரலும் கிடைக்காது. அதனால் திருட்டுத்தனமாக ஒரு வாய் குடிக்க வைக்கவும் வழியில்லை.

"சரி, கிளம்பு. இன்னிக்குள்ள ஏதாவது ஒரு கரை" என்றான் தொம்மை. எப்சிபா குட்டியை வாயில் கவ்விக்கொண்டாள்.

கிழக்குக் கரையில் ராயப்பன் யானை துதிக்கையை விரித்து வரவேற்றார்.

"வா தொம்மை, வா! எத்தனை வருஷம் ஆச்சு! புள்ளைக்கா? மூணு தெளிப்பு, ஒரு மிடறு. கண்மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். ஆனா, இந்தப் பொண்ணு முங்கிக் கூட்டமாச்சே? 'நான் முங்கினது செல்லாது'ன்னு ஏழு யானைக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லட்டும்."

எப்சிபா குட்டியைக் கீழே வைத்தாள். "காதுக்குள்ள தண்ணி போய் ஒரு வாரம் கேக்காம கிடந்தேன். அது செல்லாதா?"

"பாத்தியா தொம்மை! பாத்தியா!" ராயப்பனின் காதுகள் விசிறிபோல் அடித்தன. "பணிவே இல்லை!"

"பணிவை அப்புறம் பாக்கலாம் சாமி. முதல்ல தண்ணி..."

"முதல்ல ஏழு யானை" என்றார் ராயப்பன். ஏழாவது யானை வெளியூர் போயிருந்தது. வர இரண்டு நாள் ஆகுமாம்.

மேற்குக் கரையில் எருமைகள் மூக்குவரை சேற்றில் கிடந்து பாடிக்கொண்டிருந்தன. மூப்பர் எபனேசர் எருமை பாட்டை நிறுத்தாமலே தலையாட்டினார்.

"தோத்திரம் பிரதர்! தோத்திரம் சிஸ்டர்! ஓடிப்போன மகள் திரும்பி வந்துட்டா!"

"ஓடிப்போகலைங்க, நடந்துதான் போனேன்" என்றாள் எப்சிபா, குட்டியைக் கீழே வைத்து. "புள்ளைக்கு ஒரு மிடறு வேணும்."

"தாராளமா! புள்ள வளரட்டும். 'எனக்குத் தாகமா இருக்கு'ன்னு அதுவே வாயைத் திறந்து சாட்சி சொல்லட்டும். அன்னிக்கே முக்கி எடுத்துடலாம்!"

"அது பேச ஆறு மாசம் ஆகும்!"

"காத்திருப்போம்!" என்றார் எபனேசர்.

"காத்திருப்போம், காத்திருப்போம்!" என்று மொத்தக் கூட்டமும் இரண்டு குரலில் பாடியது.

"அதுவரைக்கும் என்னத்தைக் குடிக்கும்?" என்று கேட்டான் தொம்மை.

பாட்டு நின்றது. எபனேசர் வெகுநேரம் அசைபோட்டார். "அதுக்கு ஒரு பாட்டு இருக்கு பிரதர்" என்றார்.

வடக்குக் கரையில் தீமோத்தேயு குரங்கு மரத்திலிருந்து தலைகீழாகத் தொங்கியபடி கேட்டார். "எந்த வடக்குக் கரைக்கு வந்திருக்கீங்க?"

"எத்தனை இருக்கு?"

"நாங்க வடக்குக் கரை. அந்தப் புதருக்கு அப்பால சீர்திருந்திய வடக்குக் கரை. அதோ மொட்டை மரத்துல ஒருத்தர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்காரே, அவர் உண்மையான வடக்குக் கரை."

"ஒருத்தர் மட்டுமா?"

"போன வாரம் ரெண்டு பேர். அடிச்சுவடு வலது காலா இடது காலான்னு பேச்சு வந்தது. பிரிஞ்சிட்டாங்க."

எப்சிபா சிரிப்பை அடக்கினாள். குட்டி அவள் வாயிலிருந்து நழுவிவிடும் போலிருந்தது.

"இங்கே தெளிக்கவும் வேண்டாம், முங்கவும் வேண்டாம்" என்றார் தீமோத்தேயு. "கையைக் குவிச்சு அள்ளிக் குடிச்சாப் போதும். எளிமை!"

குட்டி முன்னங்காலை நீட்டியது. அதை எவ்வளவு குவித்தாலும் ஒரு சொட்டுக்கூட நிற்காது.

"நீங்க அள்ளிக் குடுக்கலாமே, ஐயா?"

தீமோத்தேயு தடாலென்று கீழே குதித்து அடிச்சுவட்டருகே ஓடினார். குனிந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் நிஜமாகவே வாடியிருந்தது. "மத்தவருக்கு அள்ளிக் குடுக்கிறதைப் பத்தி இதுல ஒண்ணுமே இல்லையே, தொம்மை!"

உச்சிவெயில் ஏறிவிட்டது. குட்டி இப்போது கத்தவும் இல்லை.

தெற்கே கரை கிடையாது, ஒரு பெரிய பாறை மட்டும். அதன்மேல் நின்று ஒரு நரி பேசிக்கொண்டிருந்தது. கீழே நாலு முயல்கள் கண் செருகிக் கிடந்தன.

"அன்பானவர்களே! மேய்ப்பர் நாளை மறுநாள் உச்சிப்பொழுதில் வருகிறார்! எனக்கு மட்டும் சொல்லியிருக்கிறார்! அதுவரை ஒரு சொட்டும் குடிக்காதவர்களை மட்டும் அழைத்துக்கொள்வார்! தாகம்தான் விசுவாசம்!"

எப்சிபா தயங்கி நின்று, குட்டியைக் கீழே வைத்தாள். "என்னங்க, இவர் ஒருத்தர்தான் புள்ளையைச் சேர்த்துக்குவார் போலிருக்கு. இங்க ஒரு கேள்வியும் கேக்கலை பாருங்க."

தொம்மை நரியைப் பார்த்தான். எல்லார் நாக்கும் வெளியே தொங்கியது. நரியின் நாக்கு மட்டும் ஈரமாக மின்னியது.

"நேத்து இங்க ஆறு முயல் இருந்துதே?" என்றான்.

"ஆமாம்! இருவர் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளப்பட்டார்கள்!" நரி வானத்தைக் காட்டியது.

"சரி. உன் மீசையில என்ன பஞ்சு?"

நரி அவசரமாக மீசையை நக்கியது. அவ்வளவுதான். தொம்மையின் முட்கள் அத்தனையும் சடசடவென்று விரிந்தன. அவன் திரும்பிப் பின்பக்கமாகவே பாய்ந்தான். முள்ளம்பன்றிகள் அப்படித்தான் பாயும். நரி மூக்கில் மூன்று முள்ளோடு ஊளையிட்டபடி காட்டைக் கிழித்துக்கொண்டு ஓடியது!

முயல்கள் எழுந்து பார்த்தன. "அப்போ அவர் நாளை மறுநாள் வரலையா?" என்றது ஒன்று.

"எப்ப வருவார்னு எனக்குத் தெரியாது" என்றான் தொம்மை. "வரும்போது நீங்க உசுரோட இருந்தா அவருக்குச் சந்தோஷமா இருக்கும்னு மட்டும் தோணுது. வாங்க!"

அவன் எப்சிபாவையும் முயல்களையும் கூட்டிக்கொண்டு நேராகக் குளத்துக்குள் இறங்கினான்.

அந்தக் கோடையில் தண்ணீர் எங்கே இருந்தது? கரைகளை விட்டு உள்வாங்கி, நடுக்கல்லைச் சுற்றி ஒரு வட்டமாகச் சுருங்கிக் கிடந்தது. தண்ணீர் சுருங்கச் சுருங்க மூன்று கரைக்காரர்களின் மூக்குகளும் நெருங்கிக்கொண்டே வந்திருந்தன. அதனால் சண்டையும் சூடு பிடித்திருந்தது. தொம்மை நடுவுக்குப் போவதைப் பார்த்ததும் ராயப்பன் ஒருபுறம் ஓடிவந்தார், எபனேசர் ஒருபுறம், தீமோத்தேயு ஒருபுறம். மிச்சமிருந்த தண்ணீரைச் சுற்றி மூன்று பெரிய தலைகள் அடைத்துக்கொண்டன. குட்டிக்கு ஒரு விரற்கடை இடமும் இல்லை.

"தகப்பன்வழி கிழக்கு!" என்று பிளிறினார் ராயப்பன்.

"தாய்வழி மேற்கு!" என்று முக்காரமிட்டார் எபனேசர்.

"ஆதாரம் வடக்கு!" என்று கீச்சிட்டார் தீமோத்தேயு.

தொம்மை கல்லருகே போய் ஓட்டைத் தட்டினான். "சிமியோன் ஐயா! கொஞ்சம் வெளியே வாங்க. மேய்ப்பர் தலையில தெளிச்சுக்கிட்டாரா?"

ஆமை மெதுவாகத் தலையை நீட்டினார். "தெளிச்சுக்கிட்டார்."

"கேட்டீங்களா!" என்று ராயப்பன் துதிக்கையைத் தூக்கினார்.

"முங்கினாரா?"

"முங்கினார்."

"தோத்திரம்!" என்றார் எபனேசர்.

"அள்ளிக் குடிச்சாரா?"

"அள்ளியும் குடிச்சார். அன்னிக்கு என்ன வெயில் தெரியுமா? அந்த மனுஷர் ஒரு மணி நேரம் தண்ணியை விட்டு ஏறலை!"

மூன்று தலைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "இதை ஏன் இத்தனை வருஷமா சொல்லலை?" என்று மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர்கள் சேர்ந்து சொன்ன முதல் வாக்கியம் அது.

"எங்கே சொல்ல விட்டீங்க?" என்றார் ஆமை. "யானை வந்து 'தெளிச்சாரா?'ன்னு கேட்டது. 'ஆமா'ன்னேன். அடுத்ததைச் சொல்ல வாயைத் திறக்கிறதுக்குள்ள ஆனந்தக் கூத்தாடிக்கிட்டு ஓடிப்போயிடுச்சு. எருமையும் அப்படித்தான். குரங்கு, நான் 'ஆ'ன்னதுமே போயிடுச்சு, 'மா'வுக்குக்கூட நிக்கலை. அவங்கவங்க உடம்புக்கு எது வருமோ அதைக் கேட்டாங்க, வாங்கிட்டுப் போனாங்க."

முயல்கள் குபீரென்று சிரித்தன. தொம்மைக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது.

'நான் அதுகூடக் கேட்கவில்லையே' என்று நினைத்தான். 'நின்றேன், சந்தேகப்பட்டேன், சிரித்தேன். இந்தக் கல்லுக்கு நடந்துவர எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? பதில் கிடைத்துவிட்டால் அதன்படி நடக்க வேண்டுமே என்று பயந்தேனோ?'

அதற்குள் மூவரும் புதிதாக ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் தெளித்தாரா, முதலில் முங்கினாரா? வரிசை என்ன? தீமோத்தேயு வரிசை பற்றித் தனிக் கரை ஒன்று தொடங்கவும் ஆயத்தமாகிவிட்டார்.

எப்சிபா குட்டியைச் சேற்றில் கிடத்தினாள். அது வாயை ஒருமுறை திறந்து மூடியது. "என்னங்க" என்றாள்.

தொம்மை ஆமையின் முகத்தருகே குனிந்தான். அவன் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"ஐயா, அவர் தோள்ல ஒரு ஆட்டுக்குட்டி இருந்துதே. தெளிக்கிறதுக்கும் முன்னால, முங்குறதுக்கும் முன்னால, அவர் ஒரு சொட்டு வாயில வைக்கிறதுக்கும் முன்னால, முதல்ல குடிச்சது யாரு?"

ஆமை பதில் சொல்லக் கழுத்தை நீட்டுவதற்குள் ராயப்பன் ஓரடி பின்வாங்கியிருந்தார். எபனேசர் கொம்பை ஒதுக்கிக்கொண்டார். தீமோத்தேயு குனிந்து, தன் கை நிறையக் குட்டிக்குத் தண்ணீர் அள்ளினார்.

போதனைகள் முட்டிக்கொள்ளும்போது, மேய்ப்பர் எப்படிக் குடித்தார் என்று அளப்பதை விட்டு, தாகத்தோடு வந்தவரை எந்தப் போதனை முதலில் குடிக்க விடுகிறது என்று பாருங்கள்.