தட்டினால் வராத எழுத்து

திண்டுக்கல் பக்கம் சிறுமலை அடிவாரத்தில் ஓர் ஆசிரமம் இருந்தது. நாலு அறை, ஒரு கிணறு, ஒரு சமையல்கட்டு, பின்னால் கொய்யாத் தோட்டம், அவ்வளவுதான். ஊரார் அரசி அம்மா என்று கூப்பிடும் மங்கையர்க்கரசி அங்கே குரு. அவரைவிடப் பத்து வயது மூத்த தணிகாசலம் அங்கே சீடர்.

தணிகாசலம் புள்ளியியல் துறையில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். வரும்போதே ஒரு கேள்வியோடு வந்தார்.

"கூப்பிட்டால் பதில் இல்லை, அம்மா. என்ன செய்வது?"

கேட்டவர்கள் கடவுளைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தார்கள். அவர் கேட்டது சேலத்தில் இருக்கும் மகன் கபிலனைப் பற்றி. அவன் தானே பெண் பார்த்துக் கட்டிக்கொண்ட கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

அரசி அம்மா அந்தக் கேள்விக்கு ஒருநாளும் நேராகப் பதில் சொன்னதில்லை. "கொய்யாவுக்குத் தண்ணி விட்டாச்சா?" என்பார். "ஆபீஸ் ரூமைக் கூட்டியாச்சா?" என்பார். தணிகாசலம் தண்ணீர் விடுவார், கூட்டுவார். மாலையில் ஆபீஸ் அறையில் இருக்கும் தொலைபேசியில் மகனைக் கூப்பிடுவார். அவன் எடுக்கமாட்டான். பக்கத்திலேயே இருக்கும் பழைய கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, தான் எங்கே தப்பு செய்தோம் என்று நெடுநேரம் யோசிப்பார்.

அந்த வாரம் ஊரிலிருந்து அவர் தங்கை ஒரு செய்தி சொல்லியிருந்தாள். கபிலனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பெயர் வைக்கிறார்கள்.

அழைக்காத வீட்டுக்கு எப்படிப் போவது? புதன்கிழமை மாலையும் கூப்பிட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை. கீபோர்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு யோசனையில் ஆழ்ந்துவிட்டார். நடுவில் கம்ப்யூட்டர் 'கீ' என்று கத்தியது. திரையில் இங்கிலீஷில் ஏதோ ஒரு பெட்டி வந்தது. சரி என்று மவுஸால் தட்டி அதை அனுப்பிவைத்தார். கோப்பு எதுவானாலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை அது.

வியாழக்கிழமை காலையில் கீபோர்டு வேலை செய்யவில்லை. மவுஸும் முரண்டு பிடித்தது.

தணிகாசலம் முறையாக ஆரம்பித்தார். மவுஸின் வயிற்றைத் திறந்து ரப்பர் உருண்டையை எடுத்தார். உள்ளே சின்ன உருளைகளில் சுற்றியிருந்த அழுக்கை ஊக்கால் சுரண்டினார். மவுஸ் பிழைத்துக்கொண்டது.

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார். பொரி, செத்த எறும்பு, பாதி முந்திரிப்பருப்பு விழுந்தன. எழுத்து வரவில்லை. பழைய கம்ப்யூட்டரில் வட்டமான பின்னை, மிஷின் ஓடும்போது செருகினால் அது ஏற்றுக்கொள்ளாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் அணைத்துவிட்டு, ஊதா ஓட்டையில் கீபோர்டு, பச்சை ஓட்டையில் மவுஸ் என்று சரிபார்த்துச் செருகி, மறுபடி போட்டார். வரவில்லை. கிடங்கில் கிடந்த இன்னொரு கீபோர்டைக் கொண்டுவந்து மாட்டினார். அதிலும் வரவில்லை. மறுபடி பழையதையே மாட்டினார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் டெம்போ வந்து நின்றது. பழைய இரும்பு எடுக்கும் ஹனீபா பாய். கிணற்று மோட்டாரும் உடைந்த கட்டில்களும் எடுக்க வந்திருந்தார்.

"கம்ப்யூட்டரும் ஓடலேன்னா தூக்கிக்கிடச் சொன்னாங்களே அம்மா," என்றார் உள்ளே எட்டிப் பார்த்து.

"ஓடுது பாய். கீபோர்டுதான் கேக்க மாட்டேங்குது."

"சொன்ன பேச்சு கேக்காததையெல்லாம் எடைக்குப் போடறதுன்னா, எங்க வீட்டுல முதல்ல என்னையத்தான் போடுவாக."

தணிகாசலம் சிரிக்கவில்லை. விரல்கள் பறக்க இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். நிமிடத்துக்கு நாற்பது வார்த்தை அடிக்கும் விரல்கள். திரை வெள்ளையாகவே இருந்தது.

'மகன்தான் கேட்பதில்லை என்றால் இதுவுமா?' என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததற்காக உடனே தன்னை நொந்தும் கொண்டார்.

தோட்டத்திலிருந்து மண் கையோடு அரசி அம்மா வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கொய்யா விற்பனைக்குன்னு வாசல்ல ஒட்டணும். அடிச்சுக் குடுங்க ஐயா."

"செத்துப்போச்சும்மா. பாய் எடுத்துட்டுப் போகட்டும்."

"கொஞ்சம் தள்ளுங்க, பாக்கறேன்."

அரசி அம்மாவுக்கு டைப் அடிக்கத் தெரியாது. விசைகளின் மேல் தணிகாசலம் ஒட்டிவைத்திருந்த தமிழ் எழுத்துகளை அம்மா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். ஒன்றைக் கண்டுபிடித்து, ஆள்காட்டி விரலால் அழுத்தி, அதுதானா என்று மறுபடி குனிந்து பார்த்து, பிறகு திரையைப் பார்த்து, அதற்கப்புறம்தான் விரலை எடுத்தார்.

திரையில் ஒற்றைக்கொம்பு நின்றது. அப்படியே தேடித் தேடி, பக்கத்தில் 'க' வந்தது. ஒரு கால் வந்தது.

"கொ!" என்றார் ஹனீபா பாய். "அம்மா கை பட்டதும் வந்துருச்சே!" அவர் தலையில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சும்மா இருங்க பாய். ஐயா, நீங்க அடிங்க."

தணிகாசலம் அடித்தார். ஒன்றும் வரவில்லை. அம்மா ஒரு விசையைத் தேடி அழுத்தினார். 'ய' வந்தது. தணிகாசலம் அடித்தார். வரவில்லை.

"என்ன அநியாயம் இது?" என்றார் தணிகாசலம். "ஒட்டினது நான். துடைக்கறது நான். உங்களுக்கு மட்டும் வருது."

"நீங்க அடிச்சா சத்தமே வேற மாதிரி இருக்கு," என்றார் அம்மா. "கொல்லைல கோழி கொத்தற மாதிரி."

தணிகாசலம் அம்மாவின் விரலைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். பிறகு ஒரு விசையை அழுத்தி, எடுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எழுத்து வந்தது.

திரையின் மூலையில் அதுவரை அவர் கவனிக்காத குட்டிக் கடிகாரப் படம் ஒன்று இருந்தது. மவுஸால் அதைத் திறந்து, இந்த முறை எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தார். காது சிவந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்றார் பாய்.

"வலது பக்க ஷிஃப்ட் விசையை எட்டு நொடி அழுத்திட்டே இருந்தா இது வருமாம். கை நடுக்கம் உள்ளவங்களுக்காக வெச்சிருக்காங்க. விரல் தெரியாம பட்டுட்டு எடுத்துட்டா, அதைக் கணக்கில எடுத்துக்காது. நின்னு அழுத்தினாத்தான் எடுத்துக்கும். நேத்து சாயங்காலம் கையை ஊன்றி யோசிச்சிட்டு இருந்தேன். இது வேணுமான்னு கேட்டிருக்கு. நான் சரின்னு சொல்லியிருக்கேன்."

ஹனீபா பாய் சிரித்ததில் வாசலில் இருந்த டெம்போ டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "அப்ப மிஷினு மேல தப்பில்ல. நீங்க சொன்னதைத்தான்யா கேட்டிருக்கு!"

தணிகாசலத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. அந்த வசதியை நீக்கப் போனார்.

"இருக்கட்டும்," என்றார் அம்மா. "எனக்கு இதான் தோது. இதை முடிச்சுக்கறேன்."

அம்மா அடுத்த எழுத்தைத் தேட ஆரம்பித்தார். பாய் ஒரு கொய்யாவைக் கடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். தணிகாசலத்தின் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"இது சரியாப்போச்சு. அவனுக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியலை. நாளைக்குப் பேர் வைக்கிறாங்க."

"இன்னைக்குக் கூப்பிட்டீங்களா?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா கேட்டார்.

"எங்கே எடுக்கறான்? பாருங்க, உங்க முன்னாலயே கூப்பிடறேன்."

எண்களை அழுத்தினார். மணி அடித்தது. இன்னொரு தரம் அடித்தது. ரிசீவரை வைத்துவிட்டார்.

"பார்த்தீங்களா? இதேதான். ஒரு வருஷமா தினமும் இதேதான்."

கொய்யா பாயின் வாயிலேயே நின்றது. "அய்யா, ரெண்டு மணிதானே அடிச்சுது? அதுக்குள்ள அவுக சட்டைப் பையிலேர்ந்து போனை வெளிய எடுத்திருக்கவே முடியாதே."

"எடுக்கணும்னு இருந்தா எடுத்திருப்பான் பாய்."

"என் கடைக்கும் இப்படித்தான் ஒருத்தன் அடிச்சு அடிச்சு வைக்கிறான். கையில கெடைச்சான்னா..."

அரசி அம்மா அடுத்த எழுத்தைக் கண்டுபிடித்திருந்தார். விரல் ஒரு விசையின் மேல் இருந்தது. எழுத்து வந்ததும் எடுத்தார்.

"இன்னொரு தடவை கூப்பிடுங்க," என்றார்.

தணிகாசலம் கூப்பிட்டார். ஒரு மணி அடித்தது. இரண்டாவது அடித்தது. அவர் கை தானாகக் கீழே இறங்கியது.

ரிசீவரை வைக்க அங்கே இடம் இல்லை. அம்மா தொலைபேசிப் பெட்டியை மெல்ல இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சுருள் வயர் மேஜைக்குக் குறுக்கே நீண்டது. வலது கை கீபோர்டின் மேல் எழுத்து தேடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது மணி அடித்தது. நாலாவது. தணிகாசலம் ரிசீவரை மறுபடி காதில் வைத்தார். அவன் எடுக்காமல் போவதைவிட, எடுத்துவிடுவானோ என்றுதான் அவர் இத்தனை நாளும் பயந்திருக்கிறார். அது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஐந்தாவது மணி பாதியில் நின்றது.

"ஹலோ?" என்றது ஒரு குரல். பின்னால் குழந்தை அழுதது. "திண்டுக்கல் நம்பர்தானே? தெனம் சாயங்காலம் மிஸ்டு கால் குடுக்கற மகராசன் நீங்கதானா? ஒருநாளைக்காவது எடுக்க விடுங்கய்யா. திருப்பிக் கூப்பிட்டா யாரோ ஒரு அம்மா கொய்யா வேணுமான்னு கேக்கறாங்க. ஹலோ, யாருங்க?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

அந்தப் பக்கம் குழந்தை மட்டும் அழுதது. குரல் இறங்கியது.

"...அப்பாவா?"

தணிகாசலம் ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அரசி அம்மா பக்கம் குனிந்தார்.

"அம்மா, எடுத்துட்டான். என்ன சொல்றதுன்னே தெரியலையே!"

அம்மா திரையைப் பார்த்தார். 'கொய்யா வி' என்று நின்றிருந்தது. மறுபடி கீபோர்டின் மேல் குனிந்தார்.

"எனக்கும்தான் அடுத்த எழுத்து எங்க இருக்குன்னு தெரியலை, ஐயா. அதுக்காக எந்திரிச்சா போயிட்டேன்?"