நூறு நல்ல நம்பர்

பச்சிளங்குழந்தைகள் வார்டுக்குத் தலைமை டாக்டர் கோதைநாயகி. அவரிடம் மேல்படிப்பு படிக்க வந்தவன் அமலதாஸ்.

தவமணியின் பிள்ளை மூன்று மாதம் முந்திக்கொண்டு பிறந்தது. ஆக்சிஜன்தான் அதைப் பிழைக்க வைத்தது. மாதங்கள் போயும் மூக்குக் குழாயைக் கழற்ற முடியவில்லை. நுரையீரல் புண்பட்டிருந்தது. குழாய் கழன்றால்தான் வீட்டுக்குப் போக முடியும். அந்தப் பிள்ளைமேல் அமலதாஸுக்குக் கொள்ளைப் பிரியம்.

ஒரு நாள் காலை, அமலதாஸின் ராத்திரி டியூட்டி முடியும் நேரம், கோதைநாயகி வந்து பிள்ளையின் பக்கத்திலிருந்த கருவியைப் பார்த்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் நூறு என்று காட்டியது. அளவு குறைந்தால் ஒரு மணி அடிக்கும். மிஞ்சினாலும் ஒரு மணி உண்டு. இரண்டாவது மணி ஊமையாகக் கிடந்தது.

"இத யாரு நிறுத்துனது?"

"நான்தான் மேடம். நூறு நல்ல நம்பர்தானே? ஓயாம அடிச்சுது. தவமணி பயந்துபோறாங்க."

"எவ்வளவு இருக்கணும்?"

"தொண்ணூறுலருந்து தொண்ணூத்தஞ்சு." பரீட்சையில் இதற்கு முழு மார்க் வாங்கியவன்.

அவர் மணியை மறுபடி போட்டார். அது அலறியது. பிள்ளையை மார்மேல் போட்டு உட்கார்ந்திருந்த தவமணி பதறினாள்.

"என்னாச்சும்மா?"

"ஒண்ணுமில்ல தாயி. ஆக்சிஜன் கூடிப்போச்சு." அமலதாஸிடம் திரும்பினார். "இறக்கு."

ஆக்சிஜன் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். மணி நின்றது. சற்று நேரத்தில் எண்பத்தெட்டு. மற்ற மணி அடித்தது. அவன் கை திருகுக்குப் பாய்ந்தது. கோதைநாயகி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளையப் பாரு."

உதடு நீலமாகவில்லை. நெஞ்சு மட்டும் அசையாமல் நின்றிருந்தது.

"தவமணி, முதுகைத் தடவிக் குடு."

தவமணி தடவினாள். பிள்ளை உடம்பை ஒரு முறி முறித்து மூச்சு இழுத்தது. தொண்ணூற்றொன்று. மணி ஓய்ந்தது. திருகு இறக்கிய இடத்திலேயே இருந்தது.

அமலதாஸின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெளியே வந்ததும் கேட்டான்.

"அதப் பிழைக்க வெச்சதே ஆக்சிஜன்தானே மேடம்? அதுவே நுரையீரலப் புண்ணாக்குமா?"

"மிஞ்சுனா புண்ணாக்கும். ராத்திரி எத்தன தடவ ஏத்துன?"

"மணி அடிச்சப்பல்லாம்."

"எத்தன தடவ இறக்குன?"

அவன் வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏத்துனப்ப மூச்சு முட்டுனது அதுக்கு," என்றார் கோதைநாயகி. "இறக்காம விட்டப்ப முட்டுனது உனக்கு."