கேட்டு வாங்கிய லீவு

கோவையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் செங்கமலம் சோதனைப் பிரிவில் இருந்தாள். தூத்துக்குடியில் விட்டுவந்த மகளைப் பார்த்து எட்டு மாதமாயிற்று. போனில் குரல் கேட்டால் ஏக்கம் தீருமா?

லீவு கேட்டாள்.

"என் புரோகிராமில் ஒரு ஓட்டை காட்டு, அன்றைக்கே போ," என்று சிரித்தார் மேலாளர் தாண்டவமூர்த்தி. தன் கம்ப்யூட்டரில் எந்த அதிகாரமும் இல்லாத விருந்தினர் கணக்கு ஒன்றையும் கொடுத்தார்.

அவள் உள்ளே போய், அவர் புரோகிராமின் ஃபோல்டரில் இருந்த ஒரு ஃபைலை எடுத்துவிட்டு, அதே பெயரில் தன்னுடையதை வைத்தாள்.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் அவர் கம்ப்யூட்டரைப் போட்டார். அவர் புரோகிராம் முழு அதிகாரத்தோடு தானாகவே ஓட, அதிலிருந்த அவள் ஃபைல் திரை நிறைய எழுதியது: "செங்கமலத்துக்குப் பத்து நாள் லீவு."

"யார் இதை உள்ளே விட்டது?"

"நீங்கதான் சார். இன்ஸ்டால் பண்ணும்போதே அந்த ஃபோல்டரை யார் வேணும்னாலும் மாத்தலாம்னு ஊருக்கே திறந்து வெச்சிட்டீங்க."

அன்றைக்கே தூத்துக்குடி பஸ்ஸில் உட்கார்ந்ததும் மகளைக் கூப்பிட்டாள். "வரேன்டி," என்றாள்.