ஐந்து கால் பசு

கொத்தாளம் ஜமீன்தார் ஒருநாள் தன் சபையில் ஒரு படத்தை மாட்டிவைத்தார். பசுமாட்டுப் படம். வரைந்தவர் பெயர் எங்கும் இல்லை. பசுவுக்குக் கால் மட்டும் ஐந்து.

"இதை வரைஞ்ச மேதை யார்? சொல்லுங்க பார்ப்போம்!" என்றார்.

"தஞ்சாவூர்க் கை, சந்தேகமே இல்லை" என்றார் ஒரு புலவர்.

"காசிக் கை! ஐந்து காலும் பஞ்சபூதம்!" என்றார் இன்னொருவர். பேச்சு முற்றி, ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஜமீன்தாருக்கோ வாயெல்லாம் பல்.

வெற்றிலைப் பெட்டியோடு நின்ற வேலைக்காரன் சொரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடா இளிப்பு? வரைஞ்சது யாருன்னு இப்பவே நீ சொல்லணும். இல்லேன்னா இன்னையிலேருந்து யானைக் கொட்டில்ல லத்தி அள்ளு!"

சொரிமுத்து படத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "எசமான், மனுசன் எவனாச்சும் மாட்டுக்கு அஞ்சு கால் போடுவானா? இது தானாத் தோணின சுயம்பு! உடனே அபிஷேகம் பண்ணணும்."

வேலைக்காரனுக்குத் தெரிந்தது தங்களுக்குத் தெரியாமல் போகலாமா? புலவர்களும் "சுயம்புதான், சுயம்புதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சொரிமுத்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி, படத்தின் மேல் சாய்க்கப் போனான்.

"டேய், நிறுத்துடா! சாயம் கரைஞ்சிடும்! முதுகு ஒடிய உட்கார்ந்து வரைஞ்சேன்டா!" என்று அலறிக்கொண்டே ஜமீன்தார் பாய்ந்து வந்து குடத்தைக் கட்டிப்பிடித்தார். தண்ணீர் அவர் தலையில் கொட்டியது.



சொரிமுத்து குடத்தைக் கீழே வைத்தான். "வரைஞ்சவரைக் காட்டிட்டேன் எசமான். அந்த அஞ்சாவது கால்தான் எதுக்குன்னு விளங்கல."

சொட்டச் சொட்ட நின்ற ஜமீன்தார் பல்லைக் கடித்தார்.

"அது வாலுடா!"