மரங்கொத்தி செய்துகொண்ட கோடரி

அந்தக் காலத்தில், பறவை வந்து கேட்டாலும் கொல்லர் முகம் சுளிக்காமல் சாமான் செய்து கொடுத்த காலத்தில், ஆனைமலை அடிவாரத்தில் பொன்முதுகன் என்றொரு பறவை இருந்தான். தலை கரிக்கட்டை போலக் கறுப்பு. அலகோ புறாவின் அலகைப் போல மெத்தென்று இருக்கும். பழுத்த பழத்தைக் குத்தவே மூன்று தரம் யோசிப்பான்.

ஒருநாள் காலையில் அவன் மனைவி சொன்னாள்: "இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள முட்டை வந்துரும். போன தடவை மாதிரி கிளையில வைக்க மாட்டேன். பாம்பு தின்னுட்டு, ருசியா இருந்ததுன்னு உங்ககிட்டயே சொல்லிட்டுப் போச்சு. எனக்கு மரத்துக்குள்ள ஒரு அறை வேணும்."

பொன்முதுகன் நேரே வேலாண்டி ஆசாரியின் பட்டறைக்குப் பறந்தான். ஆசாரி எந்தக் கோடரியையும் முன்கூட்டிச் செய்து வைக்க மாட்டார். வந்தவரின் கையைப் பார்த்துத்தான் உலையே மூட்டுவார். கரடிக்கு உள்ளங்கை அகலத்தில் காம்பு, இடக்கைக் குரங்குக்கு இடப்பக்கம் சாய்ந்த காம்பு என்று அவரவர் அளவுக்குச் செய்து கொடுத்தவர்.

"ஏனுங்க ஆசாரி, ஒரு கைக்கோடரி வேணுமுங்க. இப்பவே."

"கையைக் காட்டு."

பொன்முதுகன் சிறகை விரித்தான்.

"இது விசிறி. கை எங்க?"

காலை நீட்டினான்.

"ஒரு கால்ல கோடரியைப் பிடிச்சா, மரத்தை எதுல பிடிப்பே? முதல் அடிக்கே கோடரி மரத்துல நிக்கும், நீ தரையில கிடப்பே."

துருத்தி ஊதிக்கொண்டிருந்த ஆசாரியின் மனைவி பூவாத்தா சிரித்துவிட்டாள். "கழுத்து நல்லா நீளமாத்தானே இருக்குது. அதையே காம்பா வெச்சுக்குங்க. மூஞ்சியில மாட்டி விட்டாத் தீந்துது."

ஆசாரிக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. நூல் பிடித்துக் கழுத்தை அளந்தார். அலகு நுழைய உள்ளே குழிவு விட்டு, மிளகாய் அளவில் ஒரு கோடரி அடித்தார். பட்டறைக் கல்லின் மேல் அது செக்கச்செவேலென்று கிடந்தது.

"ஆறட்டும். நாளைக்கு வா, மாட்டிவிடறேன்."

"நாளைக்கா? முட்டை கேக்குமுங்களா?" என்றான் பொன்முதுகன். சொன்ன வாயோடு பாய்ந்து, கனன்றுகொண்டிருந்த இரும்புக்குள் அலகைச் சொருகிவிட்டான்.

புகை வந்தது. வண்டிச் சக்கரத்தில் சூடாகப் போட்ட இரும்புப் பட்டா ஆற ஆற இறுகுமே, அதுபோல இரும்பு அலகைக் கவ்விக்கொண்டது. சூடு மேலேறித் தலை நெருப்புத் துண்டாகச் சிவந்தது.

"கழட்டுங்க!"

"இறுகினதை எவன் கழட்டினான்? வா, தோய்ச்சலையாவது ஒழுங்காப் போடலாம்." ஆசாரி அவனைக் குறடால் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். இரும்புக்கு உரம் ஏற, அலகு நுனியை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்தார்.

"தலையையும் முக்குங்க, பாவம்," என்றாள் பூவாத்தா.

"என் பட்டறையில எந்தக் கோடரியையும் முழுசா முக்கினதில்ல. வெட்டற வாய்க்கு மட்டுந்தான் தோய்ச்சல். முழுசும் முக்கினா விரிசல் விடும். நாளைக்கு இவன் மண்டை பிளந்து வந்து நின்னா, என் பேர் என்னாகறது?"

"எரியுதுங்க ஆசாரி."

"எரியும். ஆனா வேலை சுத்தம்."

எரிகிற தலையோடு பறந்துபோன பொன்முதுகன், ஒரு தேக்கு மரத்தில் ஒட்டிக்கொண்டு கொத்தினான் பாருங்கள், மரத்தூள் மழையாகக் கொட்டியது. பொழுது சாயும்போது அறை தயார். மனைவி உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து உட்கார்ந்தாள்.

"அறை நல்லாத்தான் இருக்குது. தலையில என்ன நெருப்பு? அணைக்கச் சொல்லலையா?"

"சொன்னேன். அணைச்சா ஆசாரி பேர் கெட்டுப்போகுமாம்."

அதற்குள் முட்டை வந்துவிட்டது.

அன்று முதல்தான் மரங்கொத்திக்கு இரும்பு அலகும் செந்தலையும். நாலு கொத்துக் கொத்திவிட்டு அது தலையை ஆட்டி ஆட்டிக் காற்று வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள், இன்னும் ஆறவில்லை.